ஈன்ற வெள்ளாட்டையும் இளங்குட்டிகளையும் பேணும் முறை

புன்செய் நிலத்தை நம்பி வாழும் குடியானவனுக்கு வெள்ளாடு அவசரச் செலவுக்கு உதவும் ரொக்கமாகும். மழை பொய்த்து வெள்ளாமை விளையாத ஆண்டிலும், பெண்ணுக்குச் சீர் செய்யவோ பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் கட்டவோ அவன் தன் பட்டியைத்தான் பார்க்கின்றான். அப்படியிருந்தும், எத்தனை வருஷம் வளர்த்தாலும் பட்டி பெருகக் காணோமே என்று முறையிடுவோர் அநேகர். ஆடுகள் ஈனவில்லையா என்று அவர்களை வினவினால், ஈன்றன என்பார்கள். இரட்டைக் குட்டிகளே ஈன்றன என்பார்கள். அக்குட்டிகள் எங்கே என்று கேட்டால்தான் விஷயம் வெளிப்படும். ஒன்று பிறந்த இரவே குளிரில் விறைத்தது. மற்றொன்று ஐந்தாம் நாள் கழிச்சல் கண்டு மடிந்தது. இன்னொன்று தொப்புளும் மூட்டுகளும் வீங்கி எழமாட்டாமல் கிடந்து போயிற்று. இவற்றைத் தலைவிதி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இம்மூன்று சாவும் பெரும்பாலும் கை நேரத்தில் செய்யவேண்டிய சிறு காரியங்கள் தவறியதால் நேர்வனவேயாம்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசல் பூமியில் வளரும் கன்னி ஆடு இரட்டைக் குட்டி ஈனுவதில் பேர்போனது. கறுத்த உடலும், முகத்தின் இருபுறமும் இறங்கும் கோடுகளும் இவ்வினத்தின் அடையாளம். கோடு வெண்மையாயின் பால்கன்னி என்றும், சிவப்பாயின் செங்கன்னி என்றும் கூறுவர். ஒரே ஈற்றில் மூன்று குட்டிகள் பிறப்பதும் உண்டு. ஆனால் இரட்டையாகவும் மூன்றாகவும் பிறக்கும் குட்டி எடை குறைந்தது. உடற்சூட்டைக் காத்துக்கொள்ளும் சக்தி அதற்குக் குறைவு. தாயின் இரண்டு காம்புகளுக்கும் போட்டியிட வேண்டியது. ஆகவே இரட்டிப்புக் கவனம் எடுத்துக்கொள்பவனே இரட்டிப்பு லாபம் காண்பான். சேலம் கருப்பு, கொடி ஆடு முதலிய மற்ற இனங்களை வளர்ப்போருக்கும் இக்கட்டுரையில் கூறப்படுவன பொருந்தும்.

சினைக் காலம்

குட்டியைப் பேணுதல் அது பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்னரே தொடங்குகின்றது. வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாட்கள். இரண்டொரு நாள் முன்பின் ஆகலாம். கருவிலுள்ள குட்டியின் வளர்ச்சியில் பெரும் பகுதி கடைசி ஆறு வாரங்களிலேயே நடைபெறுகின்றது. இக்காலத்தில் குட்டிகள் வளர வளர, தாயின் இரைப்பைக்கு வயிற்றில் இடம் குறைகின்றது, தேவையோ கூடுகின்றது. வெறும் மேய்ச்சலை மட்டும் நம்பிய ஆடு இப்போது தன் உடற்கொழுப்பைக் கரைத்துக் குட்டிக்குக் கொடுக்க முற்படும். அது அளவு மீறினால் ஆடு தீனி மறுத்து, மந்தமாகி, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்று, கடைசியில் படுத்த படுக்கையாகிவிடும். இது சினைக்கால நச்சு நோய் எனப்படும். பல குட்டிகளைச் சுமக்கும் மெலிந்த ஆட்டுக்கும், அளவுக்கு மேல் கொழுத்த ஆட்டுக்கும் இது வருகின்றது. வந்த பின் குணப்படுத்துவது கடினம். வராமல் தடுப்பதோ மலிவு. உடைத்த சோளம் அல்லது கம்பு, தவிடு, கடலைப் பிண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து, சிறிது தாது உப்பும் சேர்த்து, கடைசி ஆறு வாரங்களில் நாள் ஒன்றுக்கு 200 முதல் 300 கிராம் வரை இரு வேளையாகக் கொடுத்தால் போதுமானது. அகத்தி, வேலிமசால், கிளுவை, பூவரசு முதலிய தழைகளும், சேமித்த கடலைக்கொடியும், கருவேல நெற்றும் இதற்கு நல்ல துணையாகும். தானியத்தைத் திடீரென்று மிகுதியாகக் கொடுத்தலும், வாடிய இளஞ்சோளப் பயிரில் சினையாட்டை மேய விடுதலும் கூடா. முன்னது வயிற்றைப் புளிக்கச் செய்யும், பின்னது நஞ்சாகும்.

கிடாய் சேர்ந்த தேதியை எழுதி வைத்துக்கொள்வோர் மிகச் சிலரே. பெரிய கணக்குப் புத்தகம் ஒன்றும் வேண்டுவதில்லை. தொழுவத்துச் சுவரில் கரித்துண்டால் குறித்தாலும் சரியே. ஆனி, ஆடி மாதங்களில் சேர்ந்த ஆடுகள் கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் ஈனும். ஆவணியில் சேர்ந்தவை தையில் ஈனும். அப்பொழுது அடைமழை ஓய்ந்திருக்கும். காட்டில் தழையும் எஞ்சியிருக்கும். தாய்க்குப் பால் சுரக்கும். வசதியுள்ளவர்கள் கிடாயைத் தனியே கட்டி வைத்து இம்முறையைக் கையாளலாம் என்பது என் அபிப்பிராயம். கலப்பு மந்தையாக மேய்ப்பவர்களுக்கு இது எளிதன்று என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஈனுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்னர்த் துள்ளுமாரிக்கும் ரணஜன்னிக்கும் உரிய தடுப்பூசிகளைத் தாய்க்குப் போடுவித்தல் மிக்க பயன் தரும். தாய்க்குப் போட்ட ஊசி குட்டியைக் காப்பது எவ்வாறு என்பது பின்னர் விளங்கும். குடற்புழு மருந்து கொடுக்கும் விஷயத்தில் கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். ஏனெனில் சில மருந்துகள் இளஞ்சினையில் கருவுக்குக் கேடு செய்யும்.

ஈனும் வேளை

நாலடிக்கு ஐந்தடி அளவில் ஓர் இடத்தை மறைத்து, பழைய புழுக்கைகளை வாரி, சுண்ணாம்பு தூவி, உலர்ந்த வைக்கோல் பரப்பி வைத்திருத்தல் வேண்டும். வாலின் இருபுறமும் உள்ள நரம்புகள் தளர்ந்து குழி விழுதலும், மடி இறுகிப் பளபளத்தலும், ஆடு மந்தையை விட்டு ஒதுங்கிக் காலால் தரையைச் சீய்த்தலும் ஈனும் காலம் நெருங்கியதைக் காட்டும். பனிக்குடம் தோன்றியபின் இரு முன்னங்கால்களும் அவற்றின்மேல் படிந்த மூக்கும் வெளிப்படுமாயின் யாரும் கை வைக்க வேண்டுவதில்லை. பொறுமையாகப் பார்த்திருப்பதே உத்தமம். ஆடு பலமாக முக்கியும் அரை மணி நேரத்தில் முன்னேற்றம் ஒன்றும் இல்லையெனில், அல்லது ஒரு கால் மட்டுமோ தலை மட்டுமோ வெளிப்படின், உடனே கால்நடை மருந்தகத்துக்கு ஆள் அனுப்பவேண்டும். நாலு பேர் கூடி ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால் தாயும் குட்டியும் சேர்ந்தே போனதுண்டு.

இங்கு ஓர் எச்சரிக்கை. நஞ்சுக்கொடியிலும் பனிநீரிலும், முக்கியமாய்க் கருச்சிதைந்த ஆட்டினிடத்தில், மனிதருக்குத் தொற்றக்கூடிய நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். கையில் உறையின்றி இவற்றைத் தொடலாகாது. கர்ப்பிணிப் பெண்கள் இவ்வேலையில் ஈடுபடவே கூடாது. விழுந்த நஞ்சுக்கொடியை நாய் இழுக்காதபடி ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு இடுக.

குட்டி விழுந்தவுடன் வாயிலும் மூக்கிலும் உள்ள கோழையைத் துடைக்க வேண்டும். மூச்சு விடத் தாமதித்தால் வைக்கோல் துரும்பை மூக்குத்துளையில் மெல்லச் செலுத்தினால் தும்மி மூச்சு வாங்கும். பின்னர்க் குட்டியைத் தாயின் முகத்தருகே கிடத்திவிடுக. தாய் நக்குவதால் குட்டி உலர்வதோடு, இரத்த ஓட்டமும் விரைவுபடும். தாய்க்குத் தன் குட்டியின் வாசனையும் பதியும். கிடேரி ஆடு முதல் ஈற்றில் மிரண்டு குட்டியை முட்டித் தள்ளுவதுண்டு. பனிநீரைத் தாயின் மூக்கில் தடவி, இரண்டையும் சிறிய அடைப்பில் சேர்த்து வைத்து, வேளைதோறும் தாயைப் பிடித்து ஊட்டச் செய்தால், இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, கொதிநீரில் இட்ட நூலால் கட்டி, சுத்தமான கத்தரிக்கோலால் நறுக்கி, நுனி முழுவதும் டிங்சர் அயோடினில் தோய்க்க வேண்டும். மறுநாளும் ஒரு முறை தோய்ப்பது நலம். சாம்பலையும் சாணத்தையும் அப்பும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் ஒழியவில்லை. பச்சைத் தொப்புள் என்பது உடலுக்குள் திறந்திருக்கும் ஒரு வாசல். அதில் சாணத்தை அப்புவது ரணஜன்னிக் கிருமியை அழைத்து உள்ளே விடுவதாகும். மூட்டு வீங்கி நடக்கமாட்டாமல் போகும் குட்டிகளுக்கும் நோய் பல சமயம் இவ்வாசல் வழியாகவே புகுகின்றது. ஒரு சிறு சீசா டிங்சர் பல குட்டிகளுக்கு வரும். அதன் விலையைச் செத்த ஒரு குட்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

சீம்பால்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்க முடியும் என்பவர் இப்பகுதியை வைத்துக்கொள்க.

மனிதக் குழந்தை கருவிலிருக்கும் போதே தாயின் இரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்புப் பொருள்களை ஓரளவு பெற்றுவிடுகின்றது. வெள்ளாடு, செம்மறி, பசு, எருமை ஆகியவற்றின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. அதன் வழியே அப்பொருள்கள் செல்வதில்லை. ஆகையால் ஆட்டுக்குட்டி நோயை எதிர்க்கும் ஆயுதம் ஏதுமின்றியே பிறக்கின்றது. அவ்வாயுதம் முழுவதும் சீம்பாலில் இருக்கின்றது. தாய்க்குச் சினையில் போட்ட தடுப்பூசியின் பயனும் இவ்வழியாகவே குட்டிக்குச் சேர்கின்றது. மேலும், பிறந்த குட்டியின் குடல் இப்பொருள்களைச் சிதைக்காமல் அப்படியே இரத்தத்தில் ஏற்கும் திறன் முதல் சில மணி நேரமே முழுமையாக இருக்கும். பின் வேகமாகக் குறைந்து, ஒரு நாளைக்குள் அநேகமாக மூடிப்போகும். மறுநாள் குடம் சீம்பால் ஊட்டினாலும் அந்த இழப்பு ஈடாகாது.

ஆதலால் பிறந்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் குட்டி முதல் முறை குடித்தாக வேண்டும். தாயின் மடியை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, காம்பின் நுனியில் அடைத்திருக்கும் மெழுகு போன்ற பொருள் வெளிப்பட இரண்டு பீர் கறந்து தரையில் விடாமல் ஒரு கிண்ணத்தில் எடுத்து, பிறகு குட்டியின் வாயில் காம்பை வைக்க வேண்டும். முதல் நாளில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் சேரவேண்டும். 2 கிலோகிராம் எடையுள்ள குட்டிக்கு 200 கிராம். இதை நாலு வேளையாவது பிரித்து ஊட்டுக. இரட்டைக் குட்டிகளில் பலசாலி இரு காம்பையும் தானே பற்றிக்கொள்ளும். மெலிந்ததை முதலில் குடிக்க விட்டு, அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து, நிறைந்தது என்று தெரிந்த பின்னரே மற்றதை விடுக.

நஞ்சுக்கொடி விழும் வரையில் குட்டியை ஊட்ட விடலாகாது என்னும் கொள்கை ஒன்று கிராமங்களில் உலவுகின்றது. இது நேர்மாறானது. குட்டி காம்பைச் சப்புவதனாலேயே கருப்பை சுருங்கி நஞ்சுக்கொடி விரைவில் கழல்கின்றது. சீம்பால் கெட்டியானது, ஜீரணியாது என்று கறந்து கொட்டுவோரும் உளர். வெல்லமிட்டுக் காய்ச்சிய சீம்பாலின் ருசியை நானும் அறிவேன். ஆயினும் குட்டிகளின் வயிறு நிறைந்து மிஞ்சியதே வீட்டாருக்கு உரியது. தாய் இறந்துவிட்டாலும், மடி நோய் கண்டு பால் கெட்டிருந்தாலும், அன்று ஈன்ற வேறோர் ஆட்டின் சீம்பாலையோ, அதுவும் இல்லையேல் பசுவின் சீம்பாலையோ கொடுக்கலாம். பனிப்பெட்டி உள்ள வீட்டில் மிஞ்சிய சீம்பாலைச் சிறு சீசாக்களில் உறைய வைத்துக்கொண்டு, வேண்டும்போது இளஞ்சூட்டு நீரில் வைத்து இளக்கிக் கொள்ளலாம். அடுப்பில் கொதிக்க வைத்தால் அதன் குணம் போய்விடும்.

குளிரால் விறைத்த குட்டி

வெள்ளாட்டின் இயல்பான உடற்சூடு 102 முதல் 103 ஃபாரன்ஹீட் அளவில் இருக்கும். மழையிரவில் பிறந்த நனைந்த குட்டி இச்சூட்டை விரைவில் இழக்கின்றது. குட்டியின் வாயில் விரலை விட்டுப் பார்த்தால், சூடாக இருக்க வேண்டிய வாய் சில்லென்று இருக்கும்; சப்பும் பலமும் இராது. இதைக் கண்டதும் வீட்டார் பதறிப் பாலைச் சங்கால் புகட்டுகிறார்கள். விழுங்கும் சக்தியற்ற குட்டிக்குப் புகட்டிய பால் நுரையீரலுக்குள் இறங்கி அதைக் கொன்றுவிடும். முதலில் சூடு, பின்னர்ப் பால். இந்த வரிசை மாறலாகாது. தலை மட்டும் வெளியே இருக்கக் குட்டியை இளஞ்சூட்டு நீரில் கழுத்தளவு வைத்திருந்து, வாய் சூடேறிய பின் எடுத்து நன்றாகத் துவட்டி, கோணிப்பையில் சுற்றி, வெந்நீர் நிரப்பிய சீசாக்களைத் துணி சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். தலையைத் தூக்கிச் சப்பத் தொடங்கியதும் சீம்பாலைச் சிறிது சிறிதாக ஊட்டலாம்.

தாயைக் கவனித்தல்

ஈன்ற ஆட்டுக்கு முதலில் வேண்டியது தண்ணீர். வெதுவெதுப்பான நீரில் சிறிது வெல்லமும் தவிடும் கலந்து கொடுத்தால் ஆவலுடன் குடிக்கும். நஞ்சுக்கொடி சாதாரணமாகச் சில மணி நேரத்தில் விழும். பன்னிரண்டு மணி நேரமாகியும் விழாவிடில் மருத்துவரை அழைக்க வேண்டுமேயன்றி, கல்லைக் கட்டித் தொங்கவிடுவதோ, கையால் இழுப்பதோ கூடாது. அறுந்து உள்ளே தங்கிய துண்டு அழுகி ஆட்டையே மாய்த்துவிடும். இரண்டு மூன்று வாரம் வரை செம்மண் நிறத்தில் சிறிது கசிவது இயல்பே. துர்நாற்றமும் காய்ச்சலும் கண்டால் அது நோய்.

மடியைத் தினமும் தடவிப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் சூடாகவும் கல்லாகவும் இருந்து, தாய் குட்டியை உதைத்தால், குட்டிமேல் கோபம் என்று எண்ணி விட்டுவிடலாகாது. அது மடி வீக்கத்தின் முதல் அடையாளம். திரிந்த பாலைக் கறந்து அப்புறப்படுத்தி, அன்றே சிகிச்சை தொடங்கினால் மடி பிழைக்கும்.

நம் கிராமங்களில் நடைபெறும் ஒரு தவறு தனியே குறிப்பிடத்தக்கது. ஈன்ற மூன்றாம் நாளே தாயை மந்தையோடு அனுப்பிவிட்டு, குட்டிகளைக் கொடாப்பின் கீழ் கவிழ்த்து வைக்கிறார்கள். காலை எட்டு மணிக்குப் போன தாய் மாலை ஆறு மணிக்குத் திரும்புகின்றது. பத்து மணி நேரம் பட்டினி கிடந்த குட்டி, ஆவேசமாக வயிறு புடைக்கக் குடித்துக் கழிச்சல் காண்கின்றது. முதல் பத்து நாட்களுக்கேனும் தாயை வீட்டில் தழை போட்டு நிறுத்தவேண்டும். முடியாதவர்கள் ஊரடுத்த நிலத்தில் மேய விட்டு நண்பகலில் ஒரு முறை ஊட்டச் செய்யலாம். நிலச்சுவான்தார்களில் பலர் ஆடுகளை மேய்ப்பவரின் பொறுப்பில் விட்டு, ஆண்டு முடிவில் கணக்குக் கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். அவருக்கு டிங்சர் சீசாவும் கத்தரிக்கோலும் வாங்கிக் கொடுத்து, பால் மறக்கும் வயது வரை பிழைத்த ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு தொகை என்று பேசிக்கொண்டால், இக்கட்டுரை சொல்வதை விட அது அதிகம் சாதிக்கும்.

குட்டிகள் வளருங்கால்

இரண்டு வாரத்தில் குட்டிகள் தழையைக் கொறிக்கத் தொடங்கும். இதைத் தடுக்கலாகாது, இரைப்பை அசை போடும் நிலைக்கு முதிர்வது இக்கொறிப்பினாலேதான். இளந்தழைக் கட்டு ஒன்றைக் குட்டிகளுக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டு, பெரிய ஆடுகள் நுழைய முடியாத அடைப்புக்குள் சிறிது உடைத்த தானியமும் பிண்ணாக்கும் வைக்கலாம். சுத்தமான தண்ணீர் எப்போதும் வேண்டும். மூன்று மாதத்தில் பால் மறக்கச் செய்யலாம்.

மூன்றாம் வாரத்துக்குப் பின் இரத்தம் கலந்த கழிச்சல் கண்டால், ஈரமும் நெருக்கமும் மிகுந்த தொழுவத்தில் பரவும் இரத்தக் கழிச்சல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். தரையை உலர்வாக வைப்பதே முதல் மருந்து. கழியும் குட்டி நீரிழப்பினாலேயே சாகின்றது. ஆகையால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி சிறிது ஊட்டி, அதற்குள் மருந்தகத்துக்குக் கொண்டு செல்லவேண்டும்.

ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதல் கண்டறியப்பட்டது நம் மாகாணத்திலேதான். 1987-ஆம் ஆண்டில், விழுப்புரத்தைச் சார்ந்த அரசூர் கிராமத்தில். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகி, வாய் புண்ணாகி, கழிந்து சாகும் இந்நோய் குட்டிகளையே அதிகம் வாரிக்கொண்டு போகும். சீம்பாலில் கிடைத்த காப்பு தேயத் தொடங்கும் மூன்று மாத அளவில் இதற்குத் தடுப்பூசி போடப்படுகின்றது. துள்ளுமாரிக்கும் அவ்வயதில் போட்டு, சில வாரத்தில் இரண்டாம் முறையும் போடுவிக்க வேண்டும். ஊரில் பல ஆடுகள் ஒரே அடையாளத்தோடு நோயுற்றால், அதைத் தெரிவிப்பது தயவு தாட்சணியத்தைப் பொறுத்த விஷயமன்று. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, குறிப்பிட்ட நோய்கள் இருப்பதாக நம்பக் காரணமுள்ள சொந்தக்காரர் கிராம அலுவலரிடமோ பஞ்சாயத்திடமோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அவர்கள் அதை எழுத்து மூலமாக அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு அனுப்பலாம். சந்தைக்கு முந்தின நாள் நோய் கண்ட ஆட்டை மறைத்து ஓட்டிச் செல்வோரால் அடுத்த ஊர்ப் பட்டியும் அழிகின்றது. கிராம அலுவலர்கள் இதில் முகம் பார்க்கலாகாது.

கிடாய்க் குட்டிகள் நாலு மாதத்திலேயே பொலியத் தலைப்படும். அவற்றை அதற்கு முன்பே பெட்டைக் குட்டிகளிடமிருந்து பிரித்துவிட வேண்டும். அன்றி, உடல் முதிராத பெட்டை சினையாகி, தானும் வளராமல் குட்டியையும் வளர்க்கமாட்டாது. ஈன்ற தாயையும் இரண்டு மூன்று மாதம் கழிந்து உடல் தேறிய பிறகே கிடாயுடன் விடுக. இவ்வாறு செய்தால் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று எடுக்கலாம்.